நீல அட்டை

மூன்றாவது வாயில் பிட்டு நின்றுவிட்டது.

அது நிற்கும் இடம் சிவகாமிக்குத் தெரியும். நெஞ்செலும்புக்குப் பின்னால், ஐந்து குறோணர் நாணயக் குற்றி அளவு இடம். முதலில் அழுத்தம். பிறகு நோ. பிறகு வாயில் எச்சில் ஊறத் தொடங்கும். முட்டை வெண்கரு போலத் தடித்த எச்சில். அதை விழுங்கக் கூடாது. விழுங்கினால் அதுவும் போய்ப் பிட்டுக்கு மேலே நிற்கும்.

கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி எழும்பினாள். குளியலறைக் கதவைப் பூட்டினாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்து நின்றாள். அது மேலே வர ஆறு நிமிடம் எடுத்தது. போன மாதிரியே வந்தது. பிட்டு பிட்டாகவே இருந்தது. புளிப்பு இல்லை. வயிற்றை அது காணவேயில்லை.

முகம் கழுவி வந்தபோது அவளுடைய தட்டை இன்னொரு தட்டு மூடியிருந்தது. இரத்தினவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சூடாக்கவோ?"

"வேண்டாம். எனக்குக் காணும்."

"மூண்டு வாய்."

"காணும் எண்டுறன்."

"காகத்துக்கு வைக்கிறது இதைவிடக் கூட," என்றார் அவர். பிறகு எழும்பிப்போய்த் தன் தட்டைக் கழுவினார்.

ஒன்பது மாதத்துக்கு முன்னர் இதே குசினியில்தான் அந்தச் சண்டை நடந்தது. அப்போது அவள் நூற்று நாலு கிலோ. சீனி வருத்தம் தொடங்கியிருந்தது. முழங்கால் படியேற மறுத்தது. இரைப்பையின் மேல்முனையில் ஒரு வளையம் போடுவார்கள், கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவள் சரி என்றாள். இரத்தினவேல் கேட்டதும் வெடித்தார்.

"முயலுக்குச் சுருக்கு வைப்பாங்கள். ஆரும் தங்கடை வயித்துக்குத் தாங்களே வைப்பினமோ? வைச்சுப்போட்டுப் பிறகு நோகுது எண்டு என்னட்டை வந்து நிக்காதையும்."

"வரமாட்டன்."

"வருவீர்."

"செத்தாலும் அந்தச் சொல் என்ரை வாயிலை வராது," என்றாள் சிவகாமி.

சொன்னது சொன்னதுதான். ஒன்பது மாதத்தில் இருபத்தேழு கிலோ போயிற்று. சீனி இறங்கிற்று. அவள் ஏழாம் மாடிக்கு ஒருநாள் படியால் ஏறியும் காட்டினாள். அந்தச் சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை. அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் எழும்பும்போதெல்லாம் அவர் தட்டை மூடி வைத்தார்.

வளையத்தை அவ்வப்போது இறுக்குவார்கள். இடது விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் விட்டால் வளையம் இறுகும்; எடுத்தால் தளரும். மூன்று முறை இறுக்கியாயிற்று. மூன்றாம் முறை ஆரபி கூடப் போயிருந்தாள். ஆரபி மகள், இங்கே நோர்வேயில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. சிவகாமிக்கு நொஸ்க், இந்த ஊர் மொழி, தெரியும். ஆனால் அது சமையலறைக்குப் போதுமான நொஸ்க். உடம்புக்குப் போதாது.

"கோர் தெ பிரா?" என்று நர்ஸ் கேட்டாள். நல்லாய்ப் போகிறதா?

"பரவாயில்லை," என்றாள் சிவகாமி.

சிவகாமி எல்லாவற்றுக்கும் சொல்லும் சொல் அது. காய்ச்சலுக்கும் சொல்வாள், புதுச் சேலைக்கும் சொல்வாள். அகதி முகாமில் மூன்று மாதம் காத்திருந்தபோது அதிகாரி கேட்டதற்கும் அதையே சொன்னாள். ஆரபி அதை நொஸ்கில் சொன்னாள். நர்ஸுக்குச் சந்தோசம். இன்னும் ஒரு மில்லிலீற்றர் விட்டாள்.

அன்றிலிருந்து முதலில் பாண் இறங்க மறுத்தது. பிறகு சோறு. பிறகு கோழி. இடியப்பம் ஒரு கிழமை தாக்குப்பிடித்தது. கடைசியாகப் பிட்டு.

விழுங்க முடியாவிட்டால் எடுக்கும்படி நர்ஸ் கொடுத்த தொலைபேசி எண் குளிர்சாதனப் பெட்டியில், காந்தத்துக்குக் கீழே இருந்தது. சிவகாமி அதை ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பாலை எடுத்துக் கதவைச் சாத்தினாள்.

*

வயோதிபர் இல்லத்தில் அவளுக்கு வேலை, அரைக்கும் மேசையில்.

அங்கே ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் ஓர் அட்டை இருக்கும். அட்டையில் அறை எண். வெள்ளை அட்டை என்றால் எல்லாம் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் மெத்தென்ற சாப்பாடு. நீலம் என்றால் மூஸெத்: மெசினில் அரைத்து, பொடி போட்டுத் தடிப்பாக்கியது. விழுங்க முடியாதவர்களுக்கு. சமையலறையில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. பதினெட்டு வெள்ளை, ஏழு மஞ்சள், ஆறு மூஸெத் என்று காலையில் கத்துவார்கள். அவ்வளவுதான்.

"பதினொண்டாம் அறை மனிசி மூஸெத் ஆயிட்டாவாம்," என்றாள் நேசமணி, அட்டையை மாற்றிக்கொண்டு. நேசமணி சிவகாமிக்கு ஆறு வயது மூத்தவள். பாத்திரம் கழுவும் மெசினின் இரைச்சலை வென்று கதைத்துப் பழகிய குரல். "போன மாதம் வெள்ளை. போன கிழமை மஞ்சள். இப்ப நீலம்."

"பாவம்."

"இதிலை ஏறுறது மட்டுந்தான், இறங்கிறது இல்லை. நீர் எப்பவாவது நீலம் வெள்ளையாகிக் கண்டனீரோ?"

"இல்லை, அக்கா."

சிவகாமி அரைத்த கரட்டைக் கரட் வடிவ அச்சில் ஊற்றினாள். மீன் கூழை மீன் அச்சில் ஊற்றினாள். அவித்துக் கவிழ்த்தால் மீன் மீனாகவே வரும். பார்க்கும்போது மனம் வரவேண்டும் என்று மேலிடத்து ஏற்பாடு.

"கரட்டைக் கொண்டு கூழாக்கி, பிறகு அதுக்கே கரட் வேசம் போடுறம்," என்றாள் நேசமணி. "நாடகக் கோஷ்டி தோத்துப்போகும். சரி, இதைப் பிடியும். விடியத்தான் சுட்டனான்."

கடதாசிக்குள் உளுந்து வடை. சூடு இன்னும் ஆறவில்லை.

"பிறகு சாப்பிடுறன்."

"பிறகு பிறகு எண்டு எங்கை வைக்கிறீர்? நடந்து மெலிஞ்சனான் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுறீர். நானும் எல்லிங்ஸ்ருட் காடு முழுக்க நடந்து பாத்திட்டன். எனக்குச் சப்பாத்துத்தான் மெலிஞ்சுது."

சிவகாமி சிரித்தாள். வடை சட்டைப்பைக்குள் போயிற்று. மாலையில் அந்தப் பையில் எண்ணெய் வட்டமாகப் பிடித்திருக்கும். அவளுடைய மூன்று வேலைச் சட்டைகளிலும் அந்த வட்டம் உண்டு. துவைத்தும் போகவில்லை.

பத்து மணிக்கு அவள் குளிர் அறைக்குள் போனாள். நீலத் தட்டுக்கு எப்போதும் ஒன்று கூடுதலாக அச்சிடுவாள். அந்த ஒரு மீனை, பால் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, தேக்கரண்டியால் வால் பக்கமிருந்து சாப்பிட்டாள். உப்பு இல்லை. மீன் மணமும் இல்லை. அரைக் கரண்டி வைத்து, பத்து எண்ணி, அடுத்த அரைக் கரண்டி. மெல்ல ஒன்றுமில்லை. நிற்கவுமில்லை. அவளுக்கு அதில் விருப்பமோ வெறுப்போ இருக்கவில்லை. ஒரு வேலையைச் செய்து முடிப்பதுபோல் முடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவினாள்.

வீட்டில் ஐஸ்கிறீம். அதற்கு மட்டும் வளையம் வழிவிட்டது. அதனால் நாலு கிழமையாக நிறை குறையவில்லை.

*

சனிக்கிழமை பியோர்ண்டாலுக்குப் போக வேண்டியிருந்தது. இரத்தினவேலின் ஒன்றுவிட்ட தம்பி சிவானந்தன் அங்கே வீடு வாங்கியிருந்தான். புது வீடு பார்க்கப் போய் வாய் நனைக்காமல் திரும்பினால் அது அந்த வீட்டைத் தூற்றியதற்குச் சமம்.

சிவானந்தனின் மனைவி புஷ்பராணி றோல்ஸும் கட்லட்டும் மலையாகக் குவித்துக்கொண்டு வந்தாள். சிவகாமிக்கு முன்னால் வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"எடுங்கோ அக்கா. எங்கடை வீட்டிலை வாய் நனைக்க மாட்டியளோ?"

சிவகாமி கையை நீட்டினாள்.

"அவவுக்கு விரதம்," என்றார் இரத்தினவேல்.

கை அந்தரத்தில் நின்றது. அவரை அவள் பார்த்தாள். அவர் கட்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரதமோ?"

"புரட்டாதிச் சனியெல்லோ. ஒருநேரச் சாப்பாடு. மத்தியானமே முடிஞ்சுது."

கோயிலில் செருப்பை எங்கே கழற்றுவது என்றுகூடத் தெரியாத மனிதர். புரட்டாதி எந்த மாதத்தில் வரும் என்று அவர் அறிந்திருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"அப்ப பால்கோப்பி குடிக்கலாம்தானே," என்றாள் புஷ்பராணி, விடாமல்.

கோப்பி வந்தது. சிவகாமி ஒரு மிடறு குடித்தாள். அது நின்றது. வெறும் கோப்பி. அவள் காத்திருந்தாள். எதிரே ஆண்கள் ஊர்க்கதை கதைத்தார்கள். சண்டையால் பாதை பூட்டி ஆறு கிழமை, அரிசி இல்லை, சீனி இல்லை, மா இல்லை, கப்பல் வரும் வரும் என்கிறார்கள், வருகுதில்லை. சிவானந்தன் றோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "சனம் என்னத்தைத் தின்னுதோ." சிவகாமிக்கும் அங்கே ஓர் அக்கா இருக்கிறாள். கோல் எடுத்துக் கேட்டால் பரவாயில்லை என்பாள். சிவகாமி இரண்டாவது மிடறு குடித்தாள். மூக்குவரை வந்துவிட்டது.

புது வீட்டுக் குளியலறையில் குழாய் சத்தமில்லாமல் ஓடியது. நல்ல குழாய். முழுதாகத் திறந்தும் நூல் போல மெதுவாகவே விழுந்தது. சிவகாமி வாயைத் துவாயால் பொத்தினாள். பொத்தியும் கேட்டிருக்கும். வெளியே கதை நின்றது.

அவள் வந்தபோது புஷ்பராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, விசேசமோ? எங்களுக்குச் சொல்லாமல்?"

"இந்த வயதிலையோ," என்று யாரோ சிரித்தார்கள். சிவகாமியும் சிரித்தாள். இரத்தினவேல் சிரிக்கவில்லை. ஜக்கெட்டை எடுத்துவந்து அவள் தோளில் போட்டார்.

காரில் கண்ணாடி துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. றியன் சந்தியைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"இன்னும் எத்தினை சனி இருக்கு?"

அவள் ஜக்கெட்டை இழுத்துப் போர்த்தினாள்.

"புரட்டாதியிலை நாலோ அஞ்சோதான் வரும். அதுக்குப் பிறகு என்ன சொல்லுறது?"

"திங்கட்கிழமை கிளினிக் இருக்கு," என்றாள்.

"நானும் வாறன்."

"ஆரபி வருவாள்."

"நான் காருக்குள்ளை இருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிறீமும் போகவில்லை. தண்ணீரைத் தேக்கரண்டியால் குடித்தாள். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் நோர்வே வானொலி ஒரு செய்தி முழுவதையும் வாசித்து முடித்தது. பின்னேரம் மூத்திரம் தேயிலைச் சாயம்போல் இருந்தது. அவள் தண்ணீர் ஊற்றி அதை அனுப்பினாள். பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. காந்தத்துக்குக் கீழிருந்த எண்ணைப் பார்த்தாள். நாளைக்குத்தானே போகிறோம் என்று நினைத்தாள்.

*

நர்ஸின் பெயர் டூரில். கெட்டிக்காரி, சிரித்த முகம். நிறை மெசினைப் பார்த்துவிட்டுக் கதிரையை அவள் பக்கமாகத் திருப்பினாள். நாலு கிழமையாக ஒரு கிலோகூடப் போகவில்லை. வளையத்தின் இறுக்கம் காணாது போல் இருக்கிறது. சாப்பாடு நல்லாய்ப் போகிறதென்றால் இன்னும் அரை மில்லிலீற்றர் விடலாம். அவள் சொன்னதை ஆரபி தமிழில் சொன்னாள்.

தட்டில் ஊசி இருந்தது. உப்புத் தண்ணீர் ஏற்கெனவே நிரப்பியிருந்தது.

"கோர் தெ பிரா?" என்றாள் டூரில்.

"பரவாயில்லை எண்டு சொல்லு," என்றாள் சிவகாமி.

ஆரபி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அம்மா, அதை நான் என்னெண்டு சொல்லுறது?"

"பரவாயில்லை எண்டுதான்."

"அதுக்கு இவையிட்டைச் சொல் இல்லை. நல்லாயிருக்கு எண்டோ? இல்லாட்டி நல்லாயில்லை, ஆனால் விடுங்கோ எண்டோ?"

சிவகாமி அதுவரை அதை இரண்டாகப் பார்த்ததில்லை.

"போனமுறை என்ன சொன்னனி?"

"தெ கோர் பிரா எண்டு."

"நல்லாய்ப் போகுது எண்டோ?"

"நீங்கள் சொன்னதைத்தானேம்மா சொன்னனான்." ஆரபியின் குரல் சின்னதாயிற்று. "அப்பிடி இல்லையோ?"

டூரில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மணிக்கூட்டையும் ஒருதரம் பார்த்தாள். ஊசியைக் கையில் எடுத்தாள். அதைக் காற்றுப் போக நிமிர்த்திப் பிடித்தாள். முனையில் ஒரு துளி வந்து நின்றது.

சிவகாமிக்கு அந்தச் சொல் தெரியும். வூண்ட். நோகுது. இங்கே வந்த முதல் மாதத்திலேயே படித்த சொல். வாயில் வராது என்று தமிழில் சொன்னவள், நொஸ்கில் சொன்னால் அது சொன்னதாகுமா ஆகாதா என்று யோசித்தாள். ஆகும் என்றே பட்டது. கார் கீழேதான் நிற்கிறது. அவள் சட்டையை விலா வரைக்கும் தூக்கினாள். டூரில் பஞ்சால் பொத்தான் இருந்த இடத்தைத் துடைத்தாள். குளிர்ந்தது.

"யெய் ஆர் மூஸெத்," என்றாள் சிவகாமி.

டூரிலின் கை நின்றது.

"வா சா டூ?" என்ன சொன்னீர்கள்?

"அம்மா," என்றாள் ஆரபி, "நான் கூழாகிட்டன் எண்டு சொல்லுறியள்."

"தெரியும். நான் சொல்லுறன்." சிவகாமி நர்ஸைப் பார்த்தாள். வேலைக்குக் கத்தும் குரலில், நிறுத்தி நிறுத்தி, தன் சமையலறை நொஸ்கில் சொன்னாள். "நாலு கிழமைக்கு முன்னம் நான் வெள்ளை. பிறகு இரண்டு கிழமை மஞ்சள். பிறகு மூஸெத். மூஸெத் மீன் ஒண்டு, ஒரு நாளுக்கு. சனிக்கிழமை தொடக்கம் மூஸெத்தும் இல்லை. கோப்பி இல்லை. தண்ணி, தேக்கரண்டி."

ஆரபி அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள் டூரில், மெதுவாக.

"வயோதிபர் இல்லம். குசினி."

டூரில் ஊசியைத் தட்டில் வைத்தாள். தண்ணீர் நிரப்பிய ஊசி. அதைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் ஊசி ஒன்றை உறையிலிருந்து கிழித்து எடுத்தாள். ஏன் கோல் எடுக்கவில்லை, எண் தந்திருந்தேனே என்று ஆரபியிடம் கேட்டாள். ஆரபி அதை மொழிபெயர்க்கவில்லை. "அம்மா எதையும் குறைச்சுத்தான் சொல்லுவா எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்," என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊசி உள்ளே போனது தெரிந்தது. தண்ணீர் வெளியே வந்தது தெரியவில்லை. இரண்டு மில்லிலீற்றர் என்று டூரில் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

பிறகு கடதாசிக் கோப்பையில் குழாய்த் தண்ணீர் கொடுத்தாள்.

சிவகாமி ஒரு மிடறு குடித்தாள். பத்து எண்ணத் தொடங்கினாள். மூன்றிலேயே அது இல்லை. எங்கும் நிற்கவில்லை. குளிர்ந்த கோடொன்று நெஞ்சுக்குள் இறங்கிப் போயிற்று, அவ்வளவுதான். மற்ற மிடறைக் குடித்தாள். அதுவும் போயிற்று. கோப்பை வெறுமையானது. டூரில் மறுபடி நிரப்பினாள். கீழ் மாடியில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தாள். நாளை காலையில் கோல் எடுப்பேன், இன்று முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், மூன்று நாளைக்கு... என்று தொடங்கிச் சொல்லைத் தேடினாள்.

"நீலம்," என்றாள் சிவகாமி.

"ஓம், நீலம். பிறகு மஞ்சள். பிறகு வெள்ளை," என்றாள் டூரில்.

ஆரபிக்கு விரிவுரை இருந்தது. மெற்றோ வாசலில் நின்று அவள் அம்மாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். மேலே ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"அம்மா, இனி அந்தச் சொல்லைச் சொன்னால் நான் மொழிபெயர்க்க மாட்டன்."

"சரி."

"சரி எண்டாலும் அதுதானே."

"போ, ரெயினை விட்டிடுவாய்."

கார் தரிப்பிடத்தின் கடைசியில் நின்றது. இரத்தினவேல் இருக்கையைச் சாய்க்காமல், இரண்டு கையும் ஸ்ரியரிங் வளையத்தில் வைத்தபடி, வண்டி ஓட்டுகிறவர்போல் இருந்தார். அவள் ஏறிப் பட்டியைப் போட்டாள். நான் அப்பவே சொன்னனான் என்ற சொல் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்பது மாதமாக அவருக்கு அது சொந்தமான சொல். சொல்ல உரிமை உண்டு.

"என்னவாம்?"

"தளர்த்திப்போட்டினம்."

அவர் தலையாட்டினார். சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் மழைத்தூறல் சேர்ந்துகொண்டிருந்தது. பின்சீற்றிலிருந்து எட்டி ஒரு போத்தலை எடுத்தார். தண்ணீர். அதன் கழுத்தில் ஒரு தேக்கரண்டி, றப்பர் வளையத்தால் கட்டியிருந்தது.

அவள் கரண்டியைக் கழற்றி மடியில் வைத்தாள். போத்தலை வாயில் வைத்துக் குடித்தாள். அவர் அவளுடைய தொண்டையைப் பார்த்தார். அது ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது.

"இப்ப நோகேல்லை," என்றாள்.

அவர் முன்பக்கம் திரும்பினார். பிறகு கண்ணாடி துடைப்பானைப் போட்டார்.

"அடுத்த சனி விரதமில்லை எண்டு புஷ்பராணிக்கு நீர்தான் சொல்லவேணும்," என்றார். "நான் சொன்னால் நம்பமாட்டாள்."